ஒரு இரவுதான் இருக்கிறது என்றால் எந்தக் கொள்ளைநோய்ப் படத்தைப் பார்ப்பது?

ஒரு நோய் கிளம்பி உலகத்தையே காலிசெய்துவிடுகிற மாதிரி ஒரு படம் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால் பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் சொல்வது 'கன்டேஜன்'. நல்ல படம்தான், அதைப் பற்றிக் கீழே விரிவாகவே சொல்கிறேன். ஆனால் நான் முதலில் கைகாட்டுவது 1980இல் ஜப்பானில் வந்த 'ஃபுக்காட்சு நோ ஹி' என்ற படத்தை. கிஞ்சி ஃபுகாசாகு இயக்கியது, சாக்யோ கோமாட்சு 1964இல் எழுதிய நாவலை வைத்து எடுத்தது, வெளிநாடுகளில் 'வைரஸ்' என்ற பெயரில் போனது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தப் படம் இரண்டு நீளங்களில் கிடைக்கிறது. ஜப்பானில் ஓடியது 156 நிமிடம், அமெரிக்கச் சந்தைக்காக வெட்டி ஒட்டியது 108 நிமிடம். என் சித்தி மகனிடம் இந்தப் படத்தைச் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வியே, "அக்கா, ரெண்டரை மணி நேரத்துக்கு மேல எல்லாம் உட்கார முடியாது, அந்தச் சின்னதே போதாதா?" என்பதுதான். போதாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம், ஆனால் ஏன் போதாது என்று சொன்னால்தான் மற்ற படங்களில் எது யாருக்குப் பொருந்தும் என்பதும் விளங்கும்.

கதையைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியாது. முடிவு தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு 156 நிமிடப் பதிப்பைத் தேடிப் பாருங்கள், அப்புறம் வந்து மீதியைப் படியுங்கள்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். கோடிக்கணக்கானவர்கள் சாகிறார்கள் என்று சொல்கிற படம், சாகிறவர்களோடு எவ்வளவு நேரம் உட்காருகிறது? செய்தி வாசிப்பவர் ஒரு எண்ணைச் சொல்வார், வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் பரவும், காலியான தெருவில் காகிதம் பறக்கும், உடனே நாயகன் ஹெலிகாப்டரில் ஏறிவிடுவான். இப்படிப்பட்ட படங்கள் எத்தனையோ வந்துவிட்டன. அவற்றில் உலகம் அழிந்தாலும் நமக்கு எதுவும் ஆவதில்லை, ஏனென்றால் அழிந்தவர்களில் ஒருவரைக்கூட நமக்குத் தெரியாது.

ஃபுகாசாகுவின் படத்தில் கதை 1982இல் தொடங்குகிறது. எம்எம்88 என்று ஒரு வைரஸ், ஆயுதமாக ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. அது தனியாக ஒன்றும் செய்யாது, மற்ற கிருமிகளோடு சேர்ந்து அவற்றின் வீரியத்தைப் பல மடங்கு ஆக்கிவிடும். சாதாரணச் சளிக்காய்ச்சல்கூட ஆளைக் கொல்லும். கடும் குளிரில் அது உறங்கிக் கிடக்கும், வெப்பம் ஏற ஏற விழித்துக்கொள்ளும். அதை எடுத்துக்கொண்டு போன விமானம் பனிக்காலத்தில் ஆல்ப்ஸ் மலையில் மோதி நொறுங்குகிறது. வசந்தம் வந்து பனி உருகியதும் ஆடுமாடுகள் விழுகின்றன, இத்தாலியில் குழந்தைகள் விழுகிறார்கள், உலகம் அதற்கு இத்தாலியக் காய்ச்சல் என்று பெயர் வைக்கிறது. சில மாதங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. மிஞ்சியவர்கள் அண்டார்டிகாவில் வெவ்வேறு நாடுகளின் ஆராய்ச்சித் தளங்களில் இருந்தவர்கள் மட்டும்: 855 ஆண்கள், 8 பெண்கள்.

இந்தச் சுருக்கத்தைப் படித்தால் எல்லாப் படத்தையும்போலத்தான் தெரியும். வித்தியாசம் டோக்கியோ பகுதியில் இருக்கிறது. ஒரு மருத்துவமனை. வராந்தா முழுக்க நோயாளிகள், வாசலுக்கு வெளியே கூட்டம், உள்ளே மருந்தும் இல்லை, படுக்கையும் இல்லை, மருத்துவர் நின்றுகொண்டே தூங்கிவிழுகிற நிலை. நோரிகோ என்ற நர்ஸ் அங்கே வேலை பார்க்கிறாள். நாயகன் யோஷிசுமியின் காதலி அவள், அவனோ நிலநடுக்க ஆய்வாளனாக அண்டார்டிகாவில் இருக்கிறான். கடைசியில் தாயை இழந்துவிட்ட ஒரு சிறுவனைக் கூட்டிக்கொண்டு அவள் ஒரு படகில் ஏறுகிறாள். அண்டார்டிகாவில் இருக்கும் அப்பாவிடம் போகிறோம் என்று சிறுவன் நம்புகிறான். நடுக்கடலில் அவள் கையில் மாத்திரைகள் இருக்கின்றன. அவ்வளவுதான் காட்சி. யாரும் அழுது புரளவில்லை, வயலின் உச்சத்துக்குப் போகவில்லை. கடல் பரப்பில் ஒரு சின்னப் படகு போகிறது, நாம் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

இன்னொரு காட்சி, இதைவிடக் கொடுமை. ஜப்பானியத் தளத்தின் ரேடியோவில் ஒரு சின்னப் பையனின் குரல் கேட்கிறது, அமெரிக்காவில் எங்கோ தனியாக மாட்டிக்கொண்டவன், அப்பாவின் ரேடியோவைப் போட்டுப் பேசுகிறான், யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கிறான். அந்தக் கருவியில் பேச ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், பதில் கேட்க அதை விட வேண்டும். பையனுக்கு அது தெரியவில்லை, அழுத்தியபடியே இருக்கிறான். தளத்தில் உள்ளவர்கள் பொத்தானை விடு, பொத்தானை விடு என்று கத்துகிறார்கள், ஒரு சொல்கூட அவனுக்குப் போய்ச்சேரவில்லை. தான் பேசுவதை ஒருவரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவன் துப்பாக்கியை எடுக்கிறான். சத்தம் மட்டும் நமக்குக் கேட்கிறது. கொள்ளைநோய்ப் படங்களில் நான் பார்த்ததிலேயே மிகக் கனமான நிமிடங்கள் இவை, இதில் ரத்தமே கிடையாது, பையனின் முகம்கூடக் கிடையாது.

ஃபுகாசாகுவுக்கு இது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. 1930இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் பதினைந்து வயதுப் பையனாக ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்திருக்கிறார், குண்டுவீச்சில் செத்துப்போன கூட்டாளிகளின் உடல்களை அள்ளி அப்புறப்படுத்தும் வேலையையும் அந்தப் பையன்களே செய்ய வேண்டியிருந்திருக்கிறது. அதைப் பின்னாளில் அவரே பேட்டிகளில் பேசியிருக்கிறார். பிறகு யாகுசா படங்கள், அதாவது ஜப்பானிய ரவுடிக் கும்பல்களைப் பற்றிய படங்கள், எடுத்துப் பேர் வாங்கினார், 2000இல் 'பேட்டில் ராயல்' எடுத்தார். எல்லாவற்றிலும் பெரியவர்களின் முடிவுகளுக்குச் சின்னவர்கள் சாகிறார்கள். 'வைரஸ்' படமும் அதே ஆத்திரத்தில் எடுத்ததுதான், அதனால்தான் ஆய்வகத்தில் கிருமி செய்தவர்களைக் காட்டும்போது கேமரா கடுப்போடு இருக்கிறது, டோக்கியோ மருத்துவமனையைக் காட்டும்போது பொறுமையாக நிற்கிறது.

சரி, 108 நிமிடப் பதிப்புக்கு வருவோம். அதில் இந்த டோக்கியோ பகுதியில்தான் கத்தரி அதிகம் விழுந்திருக்கிறது. படத்தில் ஜார்ஜ் கென்னடி, கிளென் ஃபோர்டு, ராபர்ட் வான், போ ஸ்வென்சன், ஒலிவியா ஹஸ்ஸி என்று ஹாலிவுட் ஆட்கள் நிறைய, வசனமும் பாதிக்கு மேல் ஆங்கிலம், ஆகவே அமெரிக்க விநியோகத்துக்கு அவர்கள் வரும் பகுதிகளை வைத்துக்கொண்டு ஜப்பானியர்கள் வரும் பகுதிகளைக் குறைத்துவிட்டார்கள். விளைவு என்ன என்றால், வாஷிங்டனில் ஜனாதிபதியும் தளபதியும் மேசையைத் தட்டிச் சண்டை போடுகிறார்கள், நீர்மூழ்கிக் கப்பல் போகிறது, ஏவுகணை கிளம்புகிறது. சாதாரண ராணுவத் திரில்லராகிவிட்டது. செத்தவர்கள் யார் என்பதே அந்தப் பதிப்பில் இல்லை. மலிவு டிவிடிகளில் பல வருடம் சுற்றியது இந்தப் பதிப்புதான், படத்தை மொக்கை என்று எழுதியவர்களில் நிறையப் பேர் இதைப் பார்த்துவிட்டு எழுதியவர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாவது வெட்டு இன்னும் பெரிய அநியாயம். கதையின் பின்பாதியில், வாஷிங்டன் அருகே ஒரு பெரிய நிலநடுக்கம் வரப்போகிறது என்று யோஷிசுமி கணிக்கிறான். அங்கே ஆள் யாரும் உயிரோடு இல்லை, ஆனால் சாவதற்கு முன் ஒரு தளபதி தானியங்கி ஏவுகணை அமைப்பை முடுக்கிவிட்டுப் போயிருக்கிறான். நிலநடுக்கத்தை அது அணுகுண்டுத் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு சோவியத் மேல் ஏவும், அங்கேயும் இதே மாதிரி ஒரு இயந்திரம், அதன் இலக்குப் பட்டியலில் அண்டார்டிகாவின் பாமர் தளமும் இருக்கிறது. செத்துப்போன இரண்டு நாடுகளின் இயந்திரங்கள் கடைசி 863 பேரைக் கொல்லப் போகின்றன. அதை நிறுத்த யோஷிசுமியும் கார்ட்டர் என்ற அமெரிக்க அதிகாரியும் போகிறார்கள், முடியவில்லை. முழுப் பதிப்பில் இதற்குப் பிறகு யோஷிசுமி தெற்கு நோக்கி நடக்கத் தொடங்குகிறான். அமெரிக்கக் கண்டத்தின் ஒரு பாதியிலிருந்து இன்னொரு பாதியின் நுனி வரைக்கும், தாடி வளர்ந்து, துணி கிழிந்து, நடக்கிறான், நடந்துகொண்டே இருக்கிறான். மச்சு பிச்சுவின் இடிபாடுகளைக் கடக்கிறான். ஒரு தேவாலயத்தில் எலும்புக்கூடோடு உட்கார்ந்து பேசுகிறான். வசனம் மிகக் குறைவு. அந்த நீண்ட நடை 108 நிமிடப் பதிப்பில் இல்லை. அந்த நடை இல்லாவிட்டால் படம் எல்லாம் போச்சு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறது. அது இருந்தால், எல்லாம் போன பிறகும் ஒரு மனிதன் எதற்காகக் கால்களை எடுத்து வைக்கிறான் என்று நம்மைப் பல நிமிடங்கள் யோசிக்க வைக்கிறது. ஆகவே தம்பிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்: அவ்வளவு நேரம் இல்லையென்றால் 'வைரஸ்' படத்தின் 108 நிமிடப் பதிப்பைப் பார்க்காதீர்கள், வேறு படத்தைப் பாருங்கள்.

இதற்காக முழுப் பதிப்பில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. முதலாவது அறிவியல். கிருமி குளிரில் பெருகாது, ஆகவே அண்டார்டிகா தப்பித்தது என்பது படத்தின் அடிப்படை. ஆனால் வைரஸ் என்பது உயிருள்ள செல்லுக்குள் போனால்தான் பெருகும், அண்டார்டிகாவில் இருப்பவனின் உடம்புக்குள்ளும் நம் உடம்பில் இருக்கும் அதே சூடுதான். வெளியே எவ்வளவு குளிர் என்பது கவசமாகாது. தூரமும் தனிமையும்தான் கவசம், அதுவும் யாராவது ஒருவர் கிருமியோடு வந்து இறங்கும் வரைக்கும்தான். நிஜத்தில் அதுதான் நடந்தது. கொரோனா உலகம் முழுக்கப் பரவியபோது அண்டார்டிகா மட்டும் 2020 டிசம்பர் வரை தப்பித்தது, அப்புறம் சிலி நாட்டின் ஓஹிகின்ஸ் தளத்தில் 36 பேருக்குத் தொற்று உறுதியானது. படமும் இதை ஒரு இடத்தில் சரியாகவே பிடித்திருக்கிறது: நோயாளிகளோடு வரும் சோவியத் நீர்மூழ்கி ஒன்று கரையேற அனுமதி கேட்கும்போது, இன்னொரு நீர்மூழ்கி அதைத் தாக்கி மூழ்கடிக்கிறது. உள்ளே இருப்பவர்கள் எதிரிகள் இல்லை, உதவி கேட்டு வந்தவர்கள். விடவும் முடியாது, கொல்லவும் மனம் வராது.

இரண்டாவது குறை பெரியது, அதைப் பூசி மெழுகக் கூடாது. 855 ஆண்களுக்கு 8 பெண்கள் என்ற நிலையில் ஒரு பெண் பலாத்காரம் செய்யப்படுகிறாள். அதைப் பற்றித் தளத்தின் பெரியவர்கள் கூடிப் பேசும்போது, மனித இனம் தொடர வேண்டும் என்று சொல்லி அந்த எட்டுப் பெண்களையும் ஆண்களிடையே பங்கிட்டுக்கொள்கிற ஒரு ஏற்பாட்டுக்கு வருகிறார்கள். படம் இதைக் கொடுமை என்றும் சொல்வதில்லை, சரி என்றும் சொல்வதில்லை, நடைமுறைச் சிக்கல் ஒன்றைத் தீர்த்துவிட்ட மாதிரி கடந்துபோகிறது. அந்தப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு ஒரு முழுக் காட்சிகூட இல்லை. ரேடியோவில் ஒரு பையனுக்கு அத்தனை நேரம் கொடுத்த இயக்குநர் இங்கே ஏன் கேமராவைத் திருப்பிக்கொண்டார் என்று எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. பார்க்கப் போகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், இது தெரிந்தே உட்காருங்கள்.

ஒரு சின்ன விஷயம், நம் ஊர்க்காரர்களுக்காக. படம் வந்த 1980இல் இந்தியாவுக்கு அண்டார்டிகாவில் தளமே கிடையாது, முதல் இந்தியக் குழு போய் இறங்கியதே 1982 ஜனவரியில்தான், தட்சிண் கங்கோத்ரி தளம் அதற்கும் பிறகு. ஆகவே அந்த மிஞ்சிய 863 பேரில் நம் மொழி பேசுகிற ஒருவரைக்கூடக் கற்பனை செய்துகொள்ள முடியவில்லை. அது தெரிந்து பார்க்கும்போது படத்தின் பாரம் வேறு மாதிரி இறங்குகிறது.

படமாக்கிய விதத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இன்றைக்குக் கணினியில் செய்யும் பனியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பனி வேறாகத் தெரியும். குழு நிஜமாகவே அண்டார்டிகாவுக்குப் போனது. சிலி கடற்படை ஒரு நீர்மூழ்கியையே கொடுத்து உதவியது. படப்பிடிப்புக் காலத்தில் குழுவினர் போன லிண்ட்பிளாட் எக்ஸ்ப்ளோரர் என்ற கப்பல் பாறையில் மோதி, சிலி கடற்படைதான் ஆட்களை மீட்டது. அதே கப்பல் பல வருடங்கள் கழித்து 2007இல் அண்டார்டிகா கடலிலேயே மூழ்கிப்போனது. ஒளிப்பதிவு டைசாகு கிமுரா. வெள்ளை வெளியில் மனிதர்கள் எவ்வளவு சிறியவர்கள் என்பதை அவர் காட்டும் ஷாட்களுக்காகவே முடிந்தவரை பெரிய திரையில் பாருங்கள், கைப்பேசியில் வேண்டாம்.

இப்போது 'கன்டேஜன்'. 2011, ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கம், ஸ்காட் பர்ன்ஸ் எழுத்து, 106 நிமிடம். நேரம் இல்லாதவர்கள் தயங்காமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம். இயன் லிப்கின் மாதிரியான உண்மையான கிருமியியல் ஆட்களை வைத்துக்கொண்டு எழுதிய கதை, அதிலுள்ள எம்இவி-1 என்ற வைரஸ் நிபா வைரஸை மனதில் வைத்து உருவாக்கியது. நிபா என்றால் நமக்குத் தெரியாததா, 1998-99இல் மலேசியப் பன்றிப் பண்ணைகளில் வந்தது, 2018இல் பக்கத்திலே கோழிக்கோட்டுக்கே வந்தது. ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புவார் என்ற கணக்கை ஒரு பெண் மருத்துவர் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டும் காட்சி 2011இல் பாடம் மாதிரி இருந்தது, 2020இல் தினசரிச் செய்தியாகிவிட்டது. இணையத்தில் பொய் மருந்தை விற்கும் ஆள், கடையை உடைக்கும் கூட்டம், தடுப்பூசியைப் பிறந்த தேதிக் குலுக்கலில் பிரித்துக்கொடுப்பது என்று எல்லாமே கச்சிதம்.

அந்தப் பலகையில் எழுதிய மருத்துவர் எரின் மியர்ஸ், கேட் வின்ஸ்லெட் நடித்தது, தானே நோயில் விழுந்து, நோயாளிகளுக்காகத் தான் ஏற்பாடு செய்த அதே மாதிரி கூடாரப் படுக்கை ஒன்றில் கிடக்கிறார். பக்கத்துப் படுக்கைக்காரர் குளிர்கிறது என்கிறார். மியர்ஸ் தன் கோட்டை எடுத்து அவரிடம் நீட்டப் பார்க்கிறார், கை போகவில்லை. அடுத்து அவரை நாம் பார்ப்பது பிளாஸ்டிக்கில் சுற்றிய உடலாக, புதைகுழியில் வரிசையில் ஒன்றாக. என் பெரியப்பா 2021 மே மாதம் போனார், அவரையும் இப்படித்தான் சுற்றிக் கொடுத்தார்கள், முகம் பார்க்கக்கூட விடவில்லை. இந்தக் காட்சியை நான் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள்தான் தொடர்ந்தேன். ஆகவே இரண்டாவது அலையில் வீட்டில் யாரையாவது பறிகொடுத்தவர்களுக்கு 'கன்டேஜன்' வேண்டாம் என்பேன். ஜப்பானியப் படம் இதைவிட இருண்டதாக இருந்தாலும் அது 1980களின் கற்பனை உலகம், நம் மருத்துவமனை வாசல் இல்லை. 'கன்டேஜன்' நம் வாசலுக்கே வந்து நிற்கிறது.

ஆனால் உலக முடிவைக் காட்டும் படமா என்று கேட்டால் 'கன்டேஜன்' அது இல்லை. அதில் அமைப்புகள் வேலை செய்கின்றன. ஒரு விஞ்ஞானி தன் தொடையிலேயே ஊசி போட்டுத் தடுப்பு மருந்தைச் சோதிக்கிறாள், மருந்து பலிக்கிறது, அப்பா மகளுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு நடன விழா வைக்கிறார். கடைசி நிமிடங்களில் நோய் எங்கிருந்து வந்தது என்று காட்டும் இடம் அபாரம்: காட்டை அழிக்கிற இயந்திரம், பறந்துபோகும் வௌவால், அது போட்ட வாழைப்பழத் துண்டு, பன்றிக்குட்டி, சமையல்காரர் துடைத்துக்கொண்ட கை, அந்தக் கையைக் குலுக்கும் ஒரு பெண். பேச்சே இல்லாமல் எல்லாம் விளங்கிவிடுகிறது. அந்த ஒரு காட்சிக்காகப் பள்ளியில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் காட்டுவேன்.

மூன்றாவதாக நான் முன்வைப்பது 'பெர்ஃபெக்ட் சென்ஸ்', அதுவும் 2011தான், டேவிட் மெக்கென்சி இயக்கியது, கிளாஸ்கோ நகரத்தில் நடக்கிறது, ஒன்றரை மணி நேரம்தான். இதில் யாரும் கொத்துக்கொத்தாகச் சாவதில்லை. மனிதர்களுக்குப் புலன்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. முதலில் காரணமில்லாமல் துக்கம் பொங்கி வரும், ஊரே உட்கார்ந்து அழும், அழுது முடித்ததும் வாசனை போயிருக்கும். அடுத்து வெறிபிடித்த பசி, பூக்கள் வரைக்கும் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போட்டுக்கொள்வார்கள், அதன் பிறகு நாக்கில் ருசி போயிருக்கும். பிறகு கோபம், பிறகு காது. ஒரு சமையல்காரனும் ஒரு தொற்றுநோய் ஆய்வாளரும் காதலிக்கிறார்கள், ஈவன் மெக்ரெகரும் ஈவா கிரீனும் நடித்தது.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்த உணவகம். வாசனை போன பிறகு சமையல்கட்டில் காரமும் புளிப்பும் உப்பும் கூட்டுகிறார்கள். ருசியும் போன பிறகு கடையை மூடிவிடுவார்கள் என்று நினைத்தால் மூடவில்லை, சூடு, குளிர்ச்சி, மொறுமொறுப்பு, வழவழப்பு என்று சாப்பாட்டை வேறு மாதிரி கட்டுகிறார்கள், மக்களும் உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கொரோனா வந்து காபி வாசனை தெரியாமல் கிடந்தவர்களுக்கு இந்தப் படம் உடம்பிலேயே விளங்கும். இருட்டான படம்தான், எங்கே போய் நிற்கும் என்பது பாதியிலேயே தெரிந்துவிடும், ஆனால் பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு பார்க்க முடிகிற இருட்டு. துக்கம் இன்னும் ஆறாதவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஒன்று மட்டும், இதில் படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையாக உண்டு, அம்மா அப்பாவோடு ஹாலில் உட்கார்ந்து பார்க்கும் படம் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009இல் வந்த 'கேரியர்ஸ்' ஒரு காருக்குள் நாலு இளைஞர்கள், கடற்கரைக்குப் போகிறார்கள், நோய் வந்தவரை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டிருக்கிறார்கள், அந்த விதி அவர்கள் மேலேயே திரும்புகிறது. சின்னப் படம், நேர்மையான படம், ஆனால் ஒரு முறைக்கு மேல் பார்க்க அதில் ஒன்றுமில்லை. டெர்ரி கில்லியமின் '12 மங்கீஸ்' (1995) மூளைக்கு நல்ல வேலை, 500 கோடிப் பேர் செத்துப்போன உலகத்திலிருந்து ஒருவன் பழைய காலத்துக்கு அனுப்பப்படுகிறான், ஆனால் அதன் மையம் காலமும் நினைவும், நோய் அதில் ஒரு காரணம்தான். மலையாளத்தில் ஆஷிக் அபு 2019இல் எடுத்த 'வைரஸ்' கோழிக்கோடு நிபாவைப் பற்றியது, உலக அழிவுப் படமே இல்லை, ஒரு ஊரும் அரசு மருத்துவமனையும் சேர்ந்து நோயைக் கட்டிப்போட்ட கதை. மனசு கனத்துப்போய் வேறு ஏதாவது பார்த்துத் தேற வேண்டும் என்று தோன்றினால் அடுத்த நாள் அதைப் பாருங்கள், மொழி நெருக்கம் வேறு. ஜப்பானியப் படத்தைத் தேடும்போது பெயரை மட்டும் போட்டால் இது வந்து நிற்கும், 1980 என்ற வருடத்தையும் ஃபுகாசாகு பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

என் தீர்ப்பு இப்படி. உட்கார நேரமும் தாங்கும் மனசும் இருந்தால் 156 நிமிட 'வைரஸ்', இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நேரம் குறைவு, நோய் எப்படிப் பரவுகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும், வீட்டில் பெரிய பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால் 'கன்டேஜன்'. சமீபத்தில் யாரையாவது இழந்திருந்தால் 'பெர்ஃபெக்ட் சென்ஸ்', இல்லாவிட்டால் இந்த வகைப் படமே இப்போதைக்கு வேண்டாம், எங்கும் ஓடிப்போகாது. பத்து வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் இருக்கும் அறையில் ஜப்பானியப் படத்தைப் போடவே போடாதீர்கள், அந்த ரேடியோ காட்சி ஒன்றே போதும் அவர்கள் தூக்கத்தைக் கெடுக்க.

வாங்குவதற்கோ பார்ப்பதற்கோ முன் ஓடும் நேரத்தைப் பாருங்கள். 108 என்று இருந்தால் விட்டுவிடுங்கள், படத்தின் பேர் ஒன்றாக இருந்தாலும் அது வேறு படம். ஜப்பானிய வசனங்களுக்குத் துணைத்தலைப்பு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், ஆங்கில வசனம் நிறைய வருவதால் சில பிரதிகளில் அதைச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள், அப்படிப் பார்த்தால் டோக்கியோ பகுதி முழுக்கப் புரியாமல் போய்விடும். ஒரே மூச்சில் உட்கார முடியாதவர்கள் இடைவேளை விட வேண்டுமானால், நகரங்கள் எல்லாம் அடங்கி, கதை முழுக்கப் பனிக்குள் போகும் இடத்தில் நிறுத்துங்கள். மீதியை மறுநாள் இரவு போட்டுக்கொள்ளலாம். யோஷிசுமி நடக்கத் தொடங்கிய பிறகு மட்டும் எழுந்து போகாதீர்கள், ஓட்டியும் விடாதீர்கள்.